அஷ்டமியில் தூண்டில் போட்டோம்

சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் குடிபோய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. ஐந்து மணி நேர விமானம், இரண்டு ஊருக்கும் ஒரே கடிகார நேரம். அதனால் ஜூலைப் பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் வந்துவிடுவோம். அம்மா இருப்பது ஈசூனில், வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டில். நாலாம் நாளே பிள்ளைகளுக்குத் தேக்கா கடைத்தெருவும் விலங்கியல் தோட்டமும் அலுத்துவிடும். அப்படி அலுத்த ஒரு நாளில்தான், இரண்டு வருஷத்துக்கு முன்னால், முதல் தடவையாக மீன்பிடிப் படகு ஏறினோம். அந்தப் பயணம் பாழ். இந்த ஜூலையில் மறுபடி போனோம், நன்றாக இருந்தது. இரண்டு தடவையும் வீட்டுக்கு வந்த மீன் மூன்றே மூன்று.

முதல் பயணத்தை நடத்தியது யார் என்று எழுதப்போவதில்லை. தப்பில் பாதி எங்களுடையது. விளம்பரத்தில் ஒரு மயில்மீன் படம் இருந்தது. முதுகுத் துடுப்பைப் பாய்மரம் மாதிரி விரித்துக்கொண்டிருக்கும் அதை இரண்டு பேர் சேர்ந்து தூக்கிப் பிடித்திருந்தார்கள். என் மகன் அதைக் கைப்பேசியில் முகப்புப் படமாகவே வைத்துக்கொண்டான். அது பிடிபட்டது மலேசியாவில், பகாங் மாநிலத்து ரொம்பின் கடலில் என்பது படகில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. நாங்கள் போனதோ தெற்குத் தீவுகளுக்கு, அதுவும் அரை நாள். நங்கூரம் போட்ட கப்பல்களுக்கும் பூக்கோம் தீவின் எண்ணெய் ஆலைக்கும் நடுவே மயில்மீன் துள்ளும் என்று நம்பினால் யாரைக் குறை சொல்வது? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நாங்கள் கேட்டது விலையை மட்டும்.

மற்றப் பாதி அவர்களுடையது. எட்டுப் பேருக்கு ஒரே வழிகாட்டி. பௌர்ணமிக்கு அடுத்த நாள். தூண்டிலைப் போட்டால் நூல் நேராக இறங்காமல் துணி காயப்போடும் கொடி மாதிரிச் சாய்ந்துகொண்டே போகும். ஈயக்குண்டு அடியில் உருண்டு பாறையில் மாட்டும். இழு, அறு, மறுபடி கட்டு. அந்த வழிகாட்டிப் பையன் ஐந்து மணி நேரமும் முள் கட்டியே ஓய்ந்துபோனான். மகள் வாந்தி எடுத்தாள். கழிப்பறை இல்லை. அதற்கு மேல் விவரிக்க வேண்டாம்.

இந்தத் தடவை என் தம்பி தன் நண்பர்கள் மூலம் ஒரு வழிகாட்டியைக் கண்டுபிடித்தான். தமிழ்ப் பையன், முப்பது வயது இருக்கும். படகோட்டி வேறொருவர், மலாய்க்காரர். நான் பெர்த்திலிருந்தே போன் செய்தேன். மீன் கிடைக்குமா என்று கேட்டதற்கு அவர் சொன்னது இதுதான்: "அக்கா, மீனுக்கு காரண்டி கிடையாது. பிள்ளைங்க கையில ஒரு தடவையாவது இழுப்பு தெரியணும், அதுக்கு நான் பொறுப்பு." இப்படிப் பேசுகிறவரிடம் பணத்தைக் கொடுக்கலாம் என்று எனக்குப் பட்டது.

அப்புறம் ஒரு கேள்விகூட விடவில்லை. கழிப்பறை உண்டா? உண்டு, சின்னது. நிழல்? பாதிப் படகுக்குக் கூரை. மழை வந்தால் பணம்? மின்னல் இருந்தால் நேரத்தைத் தள்ளிப்போடுவார், நாள் முழுக்கக் கெட்டுப்போனால் வேறு நாள். ஐந்து மணி நேரத்தில் தூண்டில் தண்ணீரில் இருப்பது எவ்வளவு நேரம்? இதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். போக வர ஒன்றேகால் மணி, உயிர் இரைக்குத் தம்பான் என்ற சின்ன மீன் பிடிக்க அரை மணி, நங்கூரத்தை மாற்றிப் போட அரை மணி. மிஞ்சுவது இரண்டே முக்கால் மணி. ஆறு பேருக்கு 680 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். தூண்டில், இரை, உயிர்காப்புச் சட்டை, தண்ணீர் எல்லாம் சேர்த்து. சாப்பாடு நம்முடையது.

தேதியை அவரே குறித்துக் கொடுத்தார். வியாழக்கிழமை. உள்ளூர்ப் பள்ளிகள் ஜூன் விடுமுறை முடிந்து திறந்திருந்ததால் அன்று படகும் எளிதாகக் கிடைத்தது. இதை அம்மாவிடம் சொன்னேன். சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"அஷ்டமிடி."

அஷ்டமி நவமியில் அம்மா புதுப் புடவைகூடக் கட்ட மாட்டார். பேரப்பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்புவாரா? நான் வழிகாட்டிக்குப் போன் போட்டு, வேறு நாள் உண்டா என்று இழுத்தேன். "அஷ்டமின்னுதான் அக்கா அந்த நாளையே வச்சேன்" என்றார்.

விஷயம் இதுதான். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடல் ஏற்றமும் வற்றமும் கூடும். சிங்கப்பூரில் அந்த ஏற்ற இறக்கம் 3 மீட்டர் வரைக்கும் போகும். அவ்வளவு தண்ணீரும் தீவுகளுக்கு இடையே இருக்கும் சந்துகள் வழியாக ஓடியாக வேண்டும். அரை நிலவு நாளில் இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக நின்று இழுப்பதால் ஏற்றம் குறையும், ஓட்டமும் தணியும். அரை நிலவு என்பது வேறென்ன, அஷ்டமிதான். நங்கூரம் போட்டு அடிமீன் பிடிக்கிறவர்களுக்கு, அதிலும் கூடவே பிள்ளைகள் இருந்தால், இந்த நாட்கள்தான் வசதி. நல்ல காரியத்துக்கு ஆகாத நாள் தூண்டிலுக்கு ஆகிறது. அம்மாவிடம் இதைப் பொறுமையாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். "நான் வரலை" என்றார்.

போவதற்கு முந்தின இரவு சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருவரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டேன். போன தடவை இதைச் செய்யவில்லை. ஆளுக்கொரு கனவோடு ஏறி ஆளுக்கொரு முகத்தோடு இறங்கினோம். கணவருக்குக் கெராப்பு வேண்டும், நம் ஊரில் கலவா என்பார்களே, அது. பதினோரு வயது மகனுக்குப் பெரிசாக ஏதாவது. ஏழு வயது மகளுக்கு மீனைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி விட வேண்டும். தம்பிக்கு லீவு கிடைத்ததே போதும். அம்மாவுக்குக் குழம்புக்கு மீன். குழம்புக்கு என்றால் தேக்காவில் வாங்கிவிடுவோம், படகை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெரியப்பாவுக்கு எழுபத்து நாலு வயது, துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மீனே வேண்டாமாம். "செயின்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம் போவானான்னு மட்டும் கேளு."

காலை ஐந்தே முக்காலுக்கு வழிகாட்டியிடமிருந்து செய்தி: சுமாத்ரா வருது, ஒன்பதரைக்குத்தான் கிளம்புறோம். சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரைக்கும் சுமாத்ரா பக்கம் திரண்டு, விடியலில் நீரிணையைத் தாண்டி வரும் காற்றும் இடியும். ஒன்றிரண்டு மணி நேரம் ஆட்டிவிட்டுப் போய்விடும். ஆறரைக்கு ஜன்னல் எல்லாம் தடதடவென்று அடித்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை, நாள்காட்டியை மட்டும் பார்த்தார். எட்டரைக்கு வெயில். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். போன தடவை படகு ஆட ஆரம்பித்த பிறகு கொடுத்தேன், மாத்திரையும் வெளியே வந்துவிட்டது.

மரினா சவுத் படகுத்துறையிலிருந்து கிளம்பினோம். ஒரு குறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறுவர் அளவு உயிர்காப்புச் சட்டை ஒன்றுதான் இருந்தது, அது மகனுக்குச் சரியாக இருந்தது. மகளுக்குக் கொடுத்தது தோளைத் தாண்டிக் காதுவரை ஏறியது. தம்பி துறைக்கு ஓடிப்போய் இன்னொரு படகிலிருந்து கடன் வாங்கி வந்தான். இத்தனை கேள்வி கேட்ட நான் பிள்ளைகளின் எடையைச் சொல்லி உடுப்பு கேட்க மறந்துவிட்டேன்.

பெரியப்பா படகோட்டியிடம் மலாயில் பேச்சுக் கொடுத்தார். "ஈக்கான் அடா?" மீன் இருக்கா என்று. அவர் சுக்கானைவிட்டுக் கண் எடுக்காமல், "அடா, சிக்கிட்-சிக்கிட்" என்றார். இருக்கு, கொஞ்சம் கொஞ்சம். எங்களுக்குக் கிடைத்த மிகச் சரியான முன்னறிவிப்பு அதுதான்.

சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றிக் கடல் பூங்கா, 2014இலிருந்து. அங்கே தூண்டில் போடக்கூடாது, அதனால் தள்ளிப் போய் நங்கூரம் போட்டோம். மகன் கைப்பிடியைப் பிடித்து நின்றான். நூல் நேராக இறங்கியது, செங்கல் சுவருக்குக் கட்டும் தூக்குக்குண்டு மாதிரி. கீழே குண்டு தரையைத் தொட்டதும் கம்பின் நுனி நிமிர்ந்தது. "தொட்டாச்சா? இப்ப ஒரு முழம் தூக்கு. விரலை நூல் மேல வை. டக் டக்னா சின்னவன், விட்டுடு. அழுத்தி இழுத்தான்னா உடனே சுத்து" என்றார் வழிகாட்டி. நாற்பது நிமிஷம் டக் டக் மட்டும்தான். இறால் போய்க்கொண்டே இருந்தது. பிறகு கம்பு ஒரே மடங்காக மடங்கியது. மகன் கத்தினானே தவிரச் சுற்றவில்லை. இரண்டு விநாடி இருக்கும். நூல் அசையாமல் நின்றுவிட்டது. "கெராப்பு. கல்லுக்குள்ள பூந்துட்டான்" என்றார் அவர். நூலைத் தளர்த்திவிட்டு ஐந்து நிமிஷம் காத்திருந்தார். வெளியே வரவில்லை, கடைசியில் அறுத்தார். மகன் கண்ணில் தண்ணீர். ஆனால் அவன் திரும்பத் திரும்பப் பார்த்தது தன் ஆள்காட்டி விரலை. நூல் அழுத்தி ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

மகளுக்கு வந்தது ஒரு கெளுத்தி, மலாயில் செம்பிலாங். தொடப் போனவளை வழிகாட்டி ஒரு கையால் தடுத்தார். முதுகிலும் செவுள் ஓரத்திலும் இருக்கும் முள்ளில் விஷம். குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருக்க வேண்டுமாம். அதற்காகவே படகில் ஒரு ஃபிளாஸ்க். நல்லவேளை, அன்றைக்கு அது மைலோ கலக்கத்தான் பயன்பட்டது. குறட்டால் தூண்டில் முள்ளை எடுத்துக் கெளுத்தியைக் கடலில் விட்டார். அப்புறம் வந்த ஒரு விரற்கடை கெரிசி மீனை மகள் ஈரக் கையில் ஏந்தி, பெயர் வைத்து, திருப்பி விட்டாள். பெட்டியில் போட்டது இரண்டு சங்கரா, கணவர் பிடித்த ஒரு சின்னப் பாறை மீன். மேற்கு ஆஸ்திரேலியாவில் படகிலிருந்து தூண்டில் போட உரிமம் எடுத்து, மீனை அளந்து பார்த்துப் பழகியதில், மூன்றையும் மகன் அளவுகோல் வைத்து அளந்தான். படகோட்டிக்கு அது வேடிக்கையாக இருந்தது.

திரும்பும் வழியில் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார்கள். 1874இலிருந்து பல வருஷம் அது, நோய் பரவாமல் இருக்கக் கப்பலில் வந்தவர்களைத் தனியே தங்கவைத்த முகாமாக இருந்தது. ரஜூலா கப்பலில் அறை இல்லாமல் திறந்த தளத்தில் பயணம் செய்து நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் சிங்கப்பூரில் முதலில் மிதித்த மண் அதுதான். பெரியப்பா ஐந்து வயதில் அவர் அம்மாவோடு அங்கே இருந்திருக்கிறார். எத்தனை நாள் என்று நினைவில்லை. தகரத் தட்டில் சோறு, ராத்திரி எதிரே தெரிந்த ஊர் விளக்குகள், இவ்வளவுதான் நினைவாம். "அந்த விளக்கு எல்லாம் கப்பலுன்னு நினைச்சேன்" என்றார். மகன் கம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பத்து நிமிஷம் அங்கேயே நின்றோம். கட்டணத்தில் சேராத நேரம் அது. கணவர் இறங்கும்போது படகோட்டிக்கும் வழிகாட்டிக்கும் தனியாக ஐம்பது வெள்ளி கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து குளித்து முடிப்பதற்குள் அம்மா மூன்று மீனையும் கழுவி மஞ்சள் தடவிவிட்டார். தேக்காவில் காலையிலேயே வாங்கி வைத்த வஞ்சிரம் ஒரு கிலோ குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது. நம் மூன்றையும் வறுத்து மகன் தட்டில் முதலில் வைத்தார். அப்புறம் சித்திக்குப் போன் போட்டார். நான் ஏற்றவற்றம், அரை நிலவு என்று விளக்கியதெல்லாம் இரண்டு அறை தாண்டி என் காதில் இப்படி வந்து விழுந்தது: "மூணே மூணு மீன்டி. அஷ்டமியில போனா வேற என்ன கிடைக்கும்?"