பழஞ்சாமான் கடை: வட்டா வாங்கலாம், வயசு வாங்காதீர்கள்

கடையின் பெயரைப் போடவில்லை. முதலாளி நல்ல மனுசர், பிளேன்ரீ தந்து கதைத்தவர். மட்டக்களப்பு டவுனுக்குள்தான் இருக்கிறது, பழஞ்சாமான் தேடித் திரிகிறவர்களுக்கு எந்தக் கடை என்று விளங்கும்.

நான் போனது வெற்றிலை வட்டா வாங்க, வெற்றிலை வைக்கிற கால் வைத்த தட்டுத்தான். எங்கள் வீட்டு வட்டா 2004 சுனாமியோடு போய்விட்டது. தங்கச்சி மகளின் கல்யாணத்துக்கு இரவல் கேட்டுத் திரிய மனமில்லை. ஏழெட்டு வட்டா வைத்திருந்தார். நான் எடுத்தது நல்ல கனதி, காலில் ஒட்டுப் போட்ட அடையாளம் இல்லை, சுண்டினால் சத்தம் நின்று கேட்கும். 14,000 சொன்னார், 11,500க்குத் தந்தார். இதில் ஒரு குறையும் இல்லை.

குறை அட்டைகளில்தான். ஒவ்வொரு சாமானிலும் நூல் கட்டி வயசு எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். கறுப்பும் சிவப்புமான ஒரு மண்முட்டியில் ‘2000 வருடம். காபன் ரெஸ்ற் செய்தது’ என்று இருந்தது. விலை 35,000.

இளவயதில் ஓர் அகழ்வில் இரண்டு மாதம் நாட்கூலிக்குப் பானை ஓடு கழுவினவன் நான். குழிச் சுவரில் மண் தட்டுத் தட்டாகத் தெரியும்; எந்தத் தட்டில் எது வந்தது என்று பையில் எழுதாவிட்டால் அன்றைக்குப் பேச்சு விழும். அடுப்புக் கரி ஒரு துண்டு கண்டால் போதும், ‘கை வைக்காதே’ என்று சத்தம் போட்டுக்கொண்டு சேர் ஓடி வருவார். கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் சுற்றுவார்கள். காபன் ரெஸ்ற் அந்தக் கரிக்குத்தான். உயிரோடு இருந்த எதுவும் செத்த நாளிலிருந்து அதிலுள்ள காபன்-14 குறைந்துகொண்டே வரும், 5,730 வருடத்தில் பாதியாகும். கரி, எலும்பு, நெல்மணிக்கு இது சரி. கீழடியில் கி.மு. 580 என்று சொன்னதும் 353 சென்ரிமீற்றர் ஆழத்தில் எடுத்த அப்படி ஒரு மாதிரியை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பார்த்துத்தான். களிமண் எப்போது உயிரோடு இருந்தது? முட்டிக்குள் தீய்ந்த சோறு ஒட்டியிருந்தால் அதைப் பார்க்கலாம். இது பளபளவென்று கழுவித் துடைத்த முட்டி.

மண்பாண்டத்துக்கு வேறு வழி இருக்கிறது. சூளையில் வேகும்போது களிமண்ணிலுள்ள மணற்பருக்கையின் கணக்குப் பூச்சியமாகிவிடும். பிறகு சுற்றியுள்ள மண்ணின் கதிர்வீச்சை அது வருடக்கணக்காகச் சேர்த்துவைக்கும். ஆய்வுகூடத்தில் திரும்பச் சூடாக்கினால் சேர்த்ததை வெளிச்சமாக விடும். அதை அளந்து வயசு சொல்வார்கள். அதற்கும் முட்டி கிடந்த இடத்து மண் வேண்டும்.

“எங்கே கிடைத்தது ஐயா?” என்று கேட்டேன்.

“அம்பாறைப் பக்கம் வயல் உழக்குள்ள வந்தது மனே.”

எந்த வயல், எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது, ஒன்றும் இல்லை. அட்டை உண்மையென்றால் இன்னும் சங்கடம். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி இப்படிக் கண்டெடுத்ததை அறிவிக்க வேண்டும். பொய்யென்றால் என் 35,000 போச்சு, மெய்யென்றால் பொலிசுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதை அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

அடுத்தது ஒரு பச்சைப் போத்தல், ‘ஒல்லாந்தர் காலம்’. விரலால் தடவிப் பார்த்தேன். அச்சின் இரண்டு பாதியும் பொருந்திய கோடு பக்கவாட்டில் ஏறி, கழுத்தைத் தாண்டி, வாயின் உதட்டு மேல்வரை போகிறது. அப்படிப் போனால் முழுக்க மெஷின் போத்தல், 20ஆம் நூற்றாண்டுச் சாமான். ஒல்லாந்தர் இங்கே கோட்டையைப் பிடித்தது 1638இல், இங்கிலீசுக்காரனிடம் விட்டது 1795இல். அந்தக் காலத்துப் போத்தலின் வாயைக் கையால்தான் முடித்திருப்பார்கள்.

நம்பி வாங்கியது ஒரு செப்புத் துட்டு மட்டும், 1,500 ரூபாய். ஒரு பக்கம் ஒல்லாந்துக் கம்பனியின் பின்னிய எழுத்தும் கீழே 1746 என்ற வருடமும், மறுபக்கம் கேடயத்தில் சிங்கம். வருடத்தை அதுவே சொல்கிறது என்று பெரிசாக நினைத்துவிடவும் கூடாது. அது அடித்த வருடம், யார் கையிலிருந்து எப்போது விழுந்தது என்பது வேறு கதை. குழியில் ஒரு தளத்துக்கு அடியில் இப்படியொரு துட்டுக் கிடைத்திருந்தால் அந்தத் தளம் 1746க்கு முன் போட்டதில்லை என்று அடித்துச் சொல்லலாம். 1750இலா 1850இலா என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டும். கடையில் பிஸ்கட் ரின்னுக்குள் கிடந்த துட்டு எந்தத் தளத்துக்கும் சாட்சி சொல்லாது.

பித்தளை, வெண்கலத்துக்குத் தாராளமாகப் போகலாம். பேரம் பேசலாம், அவசரப்படுத்த மாட்டார். காசு மட்டும்தான், கார்ட் எடுக்க மாட்டார். போன கிழமை ஒரு குத்துவிளக்குக்காகத் திரும்பப் போனேன். போத்தலின் அட்டையைக் கழற்றியிருந்தார். முட்டியின் அட்டை அப்படியே தொங்குகிறது, விலை 37,000 ஆகியிருக்கிறது.