பதிவுப் புத்தகம் இல்லாமல் பழைய முச்சக்கரவண்டி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

மலையகத்தில் பழைய முச்சக்கரவண்டி வாங்கும் எண்ணத்தோடு இருப்பவர்கள், குறிப்பாகத் தோட்டத்தில் ஓய்வுபெற்ற தாய் தகப்பனின் சேமலாபப் பணத்தைக் கொண்டு பிள்ளைக்கு ஒரு தொழில் அமைத்துக் கொடுக்க நினைப்பவர்கள், பணத்தைக் கையில் எடுப்பதற்கு முன் இதை முழுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கம்பளைப் பக்கத்தில் தனியார் ஒருவரிடம் என் தம்பி வாங்கிய வண்டி இன்று ஒரு லீசிங் கம்பனியின் யார்டில் நிற்கிறது. கொடுத்த பணத்தில் பெரும்பகுதி இன்னும் திரும்பி வரவில்லை. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் விற்றவரின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர் எப்படிப் பேசினார், எதை மறைத்தார், எந்த இடத்தில் எந்தச் சாக்குச் சொன்னார் என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

வண்டியின் விலை 1,050,000 ரூபாய். எங்கள் அம்மா ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்த பிறகுள்ள கணக்கில் பார்த்தாலும், அந்தத் தொகை 777 முழுப் பேருக்கும், அதாவது 777 முழுநாள் சம்பளத்துக்கும் மேல். அம்மா அந்தப் பணத்தைச் சேர்த்த காலத்திலோ சம்பளம் இதில் பாதிகூட இல்லை. மழைநாளில் பறித்த கொழுந்தின் நிறை குறைந்து அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) மட்டும் விழுந்த நாட்களும் அதற்குள் இருக்கின்றன. வண்டி வாங்குவது இங்கே ஆடம்பரம் அல்ல. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகாமல், வீட்டோடு இருந்து உழைப்பதற்குத் தோட்டத்துப் பையன்களுக்கு எஞ்சியிருக்கும் சில வழிகளில் அது ஒன்று.

வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இன் தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட வருடங்களில் பழைய வண்டியின் விலை ஏறிக்கொண்டே போனது. விலையோடு சேர்ந்து விற்பவரின் கையும் ஓங்கியது. "காலையில் ஒருவர் காசோடு வருகிறார், உங்களுக்காக மாலைவரை வைத்திருக்கிறேன்" என்ற பேச்சு அந்தக் காலத்தில் பிறந்து இன்றுவரை நிலைத்திருக்கிறது. எங்கள் விற்பனையாளரும் முதல் தொலைபேசி அழைப்பிலேயே அதைச் சொன்னார். தம்பியைத் "தம்பி" என்றும் என்னை "டீச்சர்" என்றும் அழைத்து, மிகவும் மரியாதையாகப் பேசினார். வீடு கம்பளையில் என்றார். பார்க்கப் போகும் நாளில் நாவலப்பிட்டிக்கு வரச் சொன்னார். வழியில் இருக்கும்போது மீண்டும் அழைத்துக் கம்பளை பஸ் நிலையத்துக்கு அருகே நிற்கச் சொன்னார். கடைசிவரை அவருடைய வீட்டை நாங்கள் பார்க்கவில்லை. விற்பவர் தன் வீட்டு வாசலைக் காட்டாத விற்பனை எதுவாக இருந்தாலும், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், அதை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பதிவுப் புத்தகத்தின் படத்தை அனுப்பும்படி தம்பி ஆரம்பத்திலேயே கேட்டிருந்தான். வட்சப்பில் படம் வந்தது. வாகன இலக்கம், என்ஜின் இலக்கம், செசி இலக்கம், உற்பத்தி ஆண்டு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. தாளைப் பிடித்திருந்த பெருவிரல் மட்டும் ஒரு வரியின்மேல் படிந்திருந்தது. முழுப் படம் கேட்டபோது இரண்டாவது படம் வந்தது. அதில் அதே வரி தாளின் மடிப்புக்குள் போயிருந்தது. அந்த வரிதான் 'முழு உரிமையாளர்' என்ற வரி. வண்டி லீசிங்கில் இருந்தால் அங்கே கம்பனியின் பெயர் இருக்கும். அது என்ன என்று தம்பி நேரடியாகவே கேட்டான். "லீசிங் முடிந்துவிட்டது தம்பி, கம்பனியில் கடிதம் எடுத்துவிட்டேன், பெயர் நீக்குவதுதான் பாக்கி" என்று தயக்கமே இல்லாமல் பதில் வந்தது.

வண்டியைக் காட்டிய விதத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது என்ஜின் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக இருந்தது. குளிர்ந்த என்ஜின் எத்தனை உதையில், எத்தனை இழுப்பில் உயிர் பிடிக்கிறது, முதல் நிமிடத்தில் என்ன நிறத்தில் புகை விடுகிறது என்பதை வாங்குபவர் பார்க்கக்கூடாது என்பதற்காகவே சிலர் முன்கூட்டியே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைக்கிறார்கள். ஓட்டிப் பார்க்கக் கொடுத்ததும் ஆற்றோரத்துச் சம வீதியில் மட்டும்தான். ஒரு மேட்டில் ஏற்றிப் பார்க்கலாம் என்று தம்பி சொன்னதற்கு, பெற்றோல் குறைவாக இருக்கிறது என்றார். எங்கள் ஊர் வீதிக்கு வந்த பிறகு, மூன்று பேரை ஏற்றிக்கொண்டு லயத்துக்குப் போகும் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் என்ஜின் இரைந்ததே தவிர வண்டி நகரவில்லை; கிளச் பிளேட் தேய்ந்து போயிருந்தது. தரைத் தகட்டின் அடியில் துரு விழுந்த இடங்களுக்குமேல் தார் போன்ற கறுப்புப் பூச்சுப் பூசி, புது ரெக்சின் விரித்திருந்தார்கள். இவற்றையெல்லாம் காசு கொடுத்துத் திருத்திவிடலாம், திருத்தியும் விட்டோம். திருத்த முடியாதது புத்தகம்தான்.

இந்த இடத்தில் 'ஓப்பன் பேப்பர்' என்று நம் ஊர்களில் சாதாரணமாகச் சொல்லப்படும் விடயத்தை விளக்க வேண்டியிருக்கிறது. ஒரு வாகனம் கைமாறும்போது பழைய உரிமையாளர் எம்.டீ.ஏ. 8 படிவத்தின் மூலம் பதினான்கு நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். புதிய உரிமையாளர் எம்.டீ.ஏ. 6 படிவத்தின் மூலம் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், பழைய உரிமையாளர் வெறும் படிவங்களில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடுகிறார். அந்தத் தாள்கள் வண்டியோடு சேர்ந்து ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. நடுவில் வந்த எவருடைய பெயரும் திணைக்களத்தின் பதிவில் ஏறுவதில்லை. எங்களுக்கு விற்றவரும் அப்படி நடுவில் வந்தவர்தான். அவர் தந்த கட்டில் கையெழுத்திட்ட படிவங்கள் இருந்தன, காப்புறுதிச் சான்றிதழ் இருந்தது, வருமான அனுமதிப்பத்திரம் இருந்தது, புத்தகத்தின் நிழற்பிரதி இருந்தது. மூலப் புத்தகம் மட்டும் இல்லை. வீதியில் வாகனம் ஓட மூலப் புத்தகம் தேவையில்லை, பொலிஸார் மறித்தாலும் அதைக் கேட்பதில்லை. இது விற்பவருக்கு மிகப் பெரிய வசதி. வாங்கியவர் மாதக்கணக்கில் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பார், தன் கையில் எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

பணம் இரண்டு தவணையாகப் போனது, இரண்டும் வங்கி வைப்பாகவே. மிச்சத்தைக் கையில் தந்தால் இருபதாயிரம் குறைப்பதாக அவர் சொன்னபோதும் தம்பி வங்கி வழியாகத்தான் அனுப்பினான். இன்று எங்கள் பக்கம் இருக்கும் உறுதியான சாட்சி அந்த வைப்புச் சீட்டுகளே. விற்பனைக் கடிதத்தில் புத்தகத்தை இரண்டு வாரத்துக்குள் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். இரண்டு வாரம் கழிந்ததும், கம்பனியில் கையெழுத்துப் போடும் அதிகாரி விடுமுறை என்றார். பிறகு போயா வந்தது, பிறகு சித்திரைப் புத்தாண்டு வந்தது, பிறகு திணைக்களத்தில் கணினி வேலை செய்யவில்லை என்றார். ஒவ்வொரு காரணமும் தனியாகக் கேட்டால் நம்பக்கூடியதாகவே இருக்கும். அம்மா ஒரு முறை தானே பேசினார். "அம்மா, உங்கள் மகன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், நான் ஓடிப்போக மாட்டேன்" என்று அவரிடமும் சொன்னார். அதற்குப் பிறகு தொலைபேசியை எடுப்பது குறைந்தது. குறுஞ்செய்திக்கு மட்டும் பதில் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

டிக்கோயா வீதியில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தபோது லீசிங் கம்பனியின் ஆட்கள் வந்து, கடிதத்தைக் காட்டி, தவணைகள் மாதக்கணக்கில் நிலுவையில் இருப்பதாகச் சொல்லி வண்டியைக் கொண்டுபோனார்கள். தம்பி வைப்புச் சீட்டுகளோடு கம்பனிக்குப் போனான். அங்கே இருந்தவர்கள் கடுமையாக நடந்துகொள்ளவில்லை, ஆனால் ஒப்பந்தத்தில் பெயருள்ளவரோடு மட்டுமே பேச முடியும் என்று சொல்லிவிட்டார்கள். 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்கீழ் வாகனத்தின் உரிமை கம்பனியிடமே இருக்கிறது. குத்தகைக்கு எடுத்தவர் கம்பனியின் சம்மதமின்றி அதை விற்க முடியாது. அவரிடமிருந்து வாங்கி இன்னொருவருக்கு விற்றவர் எந்த உரிமையையும் விற்கவில்லை. லீசிங் கம்பனியோடு பிணக்கு உள்ளவர்கள் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம் என்பது உண்மை. ஆனால் கம்பனியின் வாடிக்கையாளர் என் தம்பி அல்லவே.

ஒப்பந்தத்தில் பெயருள்ளவரைத் தேடிப் போனபோதுதான் முழு விவரமும் தெரிந்தது. அவர் வெலிமடைப் பக்கத்தில் மரக்கறிச் செய்கை செய்பவர். ஒரு போகம் நட்டப்பட்டுத் தவணை கட்ட முடியாமல் திணறியபோது, எங்களுக்கு விற்ற அதே ஆள் ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து, மீதித் தவணைகளைத் தானே கட்டுவதாக வாக்களித்து வண்டியை வாங்கிப் போயிருக்கிறார். இரண்டு மூன்று தவணை கட்டியும் இருக்கிறார், அதற்குமேல் இல்லை. இப்போது கம்பனியின் கடிதங்கள் வெலிமடை வீட்டுக்கும், பிணை நின்ற அவருடைய மச்சானுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. விற்றவர் இரண்டு குடும்பங்களின் பணத்தை ஒரே வண்டியைக் காட்டி எடுத்திருக்கிறார். தவணை கட்ட முடியாதவர்களும் இதைக் கவனியுங்கள். கம்பனிக்குப் போய் ஒப்பந்தத்தையே இன்னொருவர் பெயருக்கு மாற்றாமல், வெறும் படிவத்தில் கையெழுத்து வைத்து வண்டியைக் கொடுத்துவிட்டால், கடன் உங்கள் தலையில்தான் இருக்கும். அந்த வண்டி எங்காவது விபத்தில் மாட்டினாலும் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

எங்கே முறையிடுவது என்று அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றையும் எழுதிவிடுகிறேன். நுகர்வோர் அதிகாரசபை வர்த்தகர்களுக்கு எதிரான முறைப்பாடுகளைப் பார்க்கும் இடம். தனியாள் தனியாளுக்கு விற்றதில் அதன் உதவி கிடைப்பது கடினம். மத்தியஸ்த சபைக்கு எதிர்த்தரப்பு வராவிட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு வழக்குக்குத்தான் போக வேண்டும். பொய் சொல்லிப் பணம் பெற்றது தண்டனைச் சட்டக் கோவையின்படி ஏமாற்றுதல் என்ற குற்றம். 400ஆம், 403ஆம் பிரிவுகள் அதற்குரியவை. பொலிஸ் நிலையத்தில் முதலில் "இது உங்கள் இருவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல்" என்றார்கள். லீசிங் முடிந்துவிட்டது என்று அவர் எழுதிய வட்சப் செய்தியையும், அந்தத் திகதியில் நிலுவை இருந்ததைக் காட்டும் விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான் முறைப்பாடு ஏற்கப்பட்டது. அந்த விவரத்தைக் கம்பனியிடமிருந்து பெற்றுத் தந்தவர் வெலிமடைக்காரர்தான், அந்த உதவியை எங்கள் குடும்பம் மறக்காது. விற்றவர் ஒரு சட்டத்தரணியோடு வந்து, ஒரு பகுதிப் பணத்தைக் கொடுத்து, மிச்சத்துக்குத் தவணை கேட்டுப் போனார். அந்தத் தவணையும் கடந்துவிட்டது. எங்களுடைய அடுத்த நடவடிக்கை நீதிமன்றத்தில்தான்.

வாங்கப் போகிறவர்கள் விற்பவர் காட்டும் தாளை நம்ப வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து முழு உரிமையாளர் யார் என்று நீங்களே பாருங்கள். வண்டியில் அடிக்கப்பட்டிருக்கும் என்ஜின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் ஒப்பிடுங்கள். லீசிங் பாக்கி இருந்தால், பாக்கித் தொகையை விற்பவரின் கணக்குக்கு அனுப்பாமல், ஒப்பந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு கம்பனிக்கே போய்க் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கம்பனி உரிமையை விடுவிக்கும் கடிதமும் மூலப் புத்தகமும் கைக்கு வந்த பிறகே விற்பவருக்குரிய மிச்சத்தைக் கொடுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத விற்பனையாளர் உங்களுக்கு வேண்டாம்.

ஏற்கனவே பணத்தைக் கொடுத்துவிட்டுப் புத்தகத்துக்காகக் காத்திருப்பவர்கள், அடுத்த போயாவரை பொறுத்திருக்காமல், பதிவில் பெயருள்ளவரை இந்த வாரமே தேடிக் கண்டுபிடித்து, அவரோடு கம்பனிக்குப் போய் நிலுவை எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். விற்றவருக்குப் புத்தகத்தைக் கோரிப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். வட்சப் உரையாடலை அழித்துவிடாமல் வேறோர் இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள், பழைய தொலைபேசியை மாற்றுவதாக இருந்தால் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். முறைப்பாட்டுக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதிக் கொண்டுபோகலாம். எழுத உதவி தேவைப்படுபவர்கள் என்னைத் தொடர்பு கொண்டால், எங்கள் முறைப்பாட்டில் எந்த விவரங்களை எந்த வரிசையில் வைத்தோம் என்று காட்டுகிறேன்.