நெடுந்தீவுக் குதிரையா, சுண்டிக்குளத்துப் பறவையா?

மார்கழி விடுமுறையில் மழை என்று வீட்டுக்குள் முடங்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துத் தீவான நெடுந்தீவுக்குக் குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வாடைக்காற்றில் கடல் கொந்தளித்தால் அதுவும் ஓடாது. போய்ச் சேர்ந்தால், கோடையில் தண்ணீருக்குத் தவிக்கும் மட்டக் குதிரைகள் புதுப்புல் மேய்வதைப் பார்க்கலாம்.

என் தெரிவு கிளிநொச்சிப் பக்கத்துச் சுண்டிக்குளம் களப்பு. 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவான இடம். ஊசிவால் வாத்துகள் கூட்டமாக இறங்கும். பூநாரையின் கதை வேறு: வளைந்த அலகைத் தலைகீழாக அமிழ்த்திச் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும் பறவைக்கு ஆழமற்ற நீர்தான் தோது. பெருமழையில் களப்பு நிரம்பினால் இடம் மாறிவிடும். அதற்குத் தை, மாசி வரை பொறுக்க வேண்டும்.

பிள்ளைகள் குதிரைக்கே அடம்பிடித்தால், காலைப் படகைப் பிடியுங்கள். திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.