ஒப்பன்ஹைமர்: வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையில

அணுகுண்டு செய்த அமெரிக்க விஞ்ஞானி ஒப்பன்ஹைமரைப் பற்றி கிறிஸ்டோபர் நோலன் எடுத்த இந்தப் படத்தை நான் ரெண்டு தரம் பாத்திருக்கிறன். முதல்தரம் போன்ல, இயர்போன் போட்டுக்கொண்டு, கொழும்புக்குப் போற நைட் பஸ்ஸில, அதைப் பாத்த கணக்கிலயே சேக்க ஏலாது. ரெண்டாம்தரம் போன மாசம் உப்புவெளியில மச்சான்ட வீட்டு மேல்மாடியில, ப்ரொஜெக்டர் வச்சு வெள்ளைச் சுவரில அடிச்சு, ரெண்டு பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ் போட்டு, எங்கட பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் இருத்திப் பாத்தம். அதுக்குப் பிறகுதான் இது எவ்வளவு பெரிய படம் எண்டு எனக்குப் பிடிபட்டது, எந்த இடத்தில மனம் ஆறேல்ல எண்டும் அப்பதான் விளங்கினது.

முதல்ல அணுகுண்டை முதன்முதலா வெடிக்க வச்சுப் பாக்கிற அந்த டெஸ்ட் சீன். 1945 ஜூலை 16, நியூ மெக்சிகோ பாலைவனம், முதல் நாள் இரவெல்லாம் இடியும் மழையும், விடிய நாலு மணிக்கு வெடிக்க வைக்க இருந்தது அஞ்சரை மட்டும் தள்ளிப் போகுது. நூறு அடி இரும்புக் கோபுரத்துக்கு மேல குண்டைத் தூக்கி வச்சிருக்கினம். ஒருத்தர் முகத்துக்கு வெயில் கிறீம் பூசுறார், ஒருத்தர் லொறிக்குள்ள இருந்து கண்ணாடிக்குப் பின்னால பாக்கிறார், ஒப்பன்ஹைமர் மூச்சை எண்ணிக்கொண்டு நிக்கிறார். வயலின் சத்தம் ஏறி ஏறி வந்து ஒரு இடத்தில டக்கெண்டு நிண்டிடும். பிறகு வெளிச்சம். வெளிச்சம் மட்டும்தான். சத்தமே இல்ல.

மேல்மாடியில இருந்த பெடியள் எல்லாம் பொக்ஸ் பழுதாப்போச்சோ எண்டு திரும்பிப் பாத்தாங்கள். பெரியப்பா மட்டும் திரும்பேல்ல. மெல்லமா எண்ணத் தொடங்கிட்டார். ஒண்டு, ரெண்டு, மூண்டு...

திருகோணமலையில வளந்த ஆக்களுக்கு இதை விளக்கத் தேவையில்ல, மற்ற ஆக்களுக்காக எழுதுறன். 2006 ஓகஸ்ட்ல மூதூர்ப் பக்கம் சண்டை நடக்கேக்க கொட்டியாரக்குடாவுக்கு அங்கால இரவில வெளிச்சம் வெட்டும், நாங்கள் டவுன்ல வீட்டு முத்தத்தில நிப்பம், வெளிச்சம் வந்து அரை நிமிசத்துக்கு மேல போனாத்தான் சத்தம் வரும், ஜன்னல் கண்ணாடி ஆடும். பெரியப்பாதான் எண்ணச் சொல்லித் தந்தவர். எண்ணின செக்கனை மூண்டால பிரிச்சா எத்தனை கிலோமீட்டர் எண்டு வரும், எண்ணினது இருபது செக்கனுக்குக் கீழ போனா எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ எண்டு சொல்லுவார். ஏ லெவல்ல ஒலிட வேகம் செக்கனுக்கு 340 மீட்டர் எண்டு சேர் போர்ட்ல எழுதேக்க எனக்கு அது புதுசாவே இருக்கேல்ல.

உண்மையில அண்டைக்கு ஒப்பன்ஹைமர் நிண்ட பங்கர் கோபுரத்தில இருந்து கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர், அப்ப சத்தம் போய்ச் சேர இருபத்தாறு, இருபத்தேழு செக்கன் எடுத்திருக்கும். படத்தில அந்த அமைதியை இன்னும் நீட்டி வச்சிருக்கிறார் நோலன். வழக்கமா படங்கள்ல வெளிச்சமும் சத்தமும் ஒண்டாத்தான் வரும், தூரத்தில குண்டு விழுறதைக் கண்ணால பாத்த ஆருக்கும் அது பொய் எண்டு தெரியும். அந்த இடைவெளியிலதான் பயம் முழுக்க இருக்கு, இதை விளங்கி எடுத்த முதல் படமா எனக்கு இதுதான் தெரியுது. பெரியப்பா எண்ணி முடிக்க முந்தி நாங்கள் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தம், பிறகு சத்தம் வந்து மேல்மாடித் தகரம் அதிர்ந்தது.

ஆனா வெடிப்பு பாக்கிறதுக்கு எப்பிடி இருக்கு எண்டு கேட்டா, எனக்குக் காணாது. கொம்பியூட்டர் கிராபிக்ஸ் இல்லாம நிஜமாவே நெருப்பு வச்சு எடுத்தது எண்டு எல்லாரும் புகழுறாங்கள், உழைப்பை நானும் மதிக்கிறன். ஆனா கிட்ட வச்சுக் காட்டுற இடங்கள்ல அது பெற்றோல் எரியிற நெருப்பு, செம்மஞ்சளும் கரும்புகையும். அண்டைக்கு நேர்ல நிண்ட ஆக்கள் சொன்னது கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சத்தையும் அதுக்குப் பிறகு வானத்தில நிண்ட ஊதா நிறத்தையும். கோபுரம் ஆவியாப் போச்சு, கீழ கிடந்த மணல் உருகி பச்சைக் கண்ணாடியா உறைஞ்சுது, அந்தக் கண்ணாடிக்கு ட்ரினிடைட் எண்டு பேரே வச்சிருக்கினம். அந்தப் பச்சைக் கண்ணாடியை ஒரு ஷொட்ல காட்டியிருந்தாலே நெருப்பை விடக் கூடப் பேசியிருக்கும்.

குண்டு எப்பிடி வேலை செய்யுது எண்டதை படம் மேலோட்டமாத்தான் தொடுது. எனக்கு அது குறையாத் தெரியேல்ல, கண்ணாடிச் சாடியில மாபிள் போடுற ஐடியா ஒண்டே காணும். ஒரு சாடி யுரேனியம், ஒரு சாடி புளூட்டோனியம், ஒவ்வொரு மாசமும் எவ்வளவு சேந்துதோ அவ்வளவு மாபிள், படம் போகப் போக சாடி நிரம்பிக்கொண்டே வரும், ஆரும் ஒரு வார்த்தை கூடப் பேசாமலே வயித்தைக் கலக்கும். பிசிக்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒண்டு சொல்றன். அண்டைக்குக் கோபுரத்தில இருந்த புளூட்டோனியம் ஏறக்குறைய 6 கிலோ, அதில பிளவுபட்டது ஒரு கிலோ அளவு, அதில சக்தியா மாறின திணிவு ஒரு கிராம் கிட்ட, வெடிச்ச அளவு 20,000 தொன் டிஎன்டி வெடிமருந்துக்கு மேல. ஒரு கிராமை எடுத்து ஒளிட வேகத்தின்ட வர்க்கத்தால பெருக்கிப் பாருங்கோ, கணக்குச் சரியா வரும். அந்தக் கணக்கை கொப்பியில போட்டுப் பாத்திட்டு படத்தைத் திரும்பப் பாத்தா அந்த மாபிள் ஒவ்வொண்டும் வேற மாதிரித் தெரியும்.

நடிப்பைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்ல. கிலியன் மர்பிக்கும் ரொபர்ட் டவுனி ஜூனியருக்கும் ஒஸ்கார் கிடைச்சது, சிறந்த படம், சிறந்த இயக்குநர் எல்லாம் சேத்து மொத்தம் ஏழு. மர்பிட கண்ணுக்கு எத்தினை குடுத்தாலும் தகும். ஒப்பன்ஹைமர்ட மனுசியா வாற எமிலி பிளன்ட் முதல் பாதியில வீணாப் போற மாதிரி இருந்தாலும் விசாரணையில அந்த வக்கீலுக்குப் பதில் சொல்லுற அஞ்சு நிமிசத்தில எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டிட்டா.

குழப்பம் வாறது காலத்தை மாத்தி மாத்திக் காட்டுற இடத்தில. முதல்தரம் எனக்கும் விளங்கேல்ல, அதால சொல்லி விடுறன். கலர்ல வாறது ஒப்பன்ஹைமர்ட பார்வை, கறுப்பு வெள்ளையில வாறது ஸ்ட்ராஸ்ட பார்வை, அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழுத் தலைவரா இருந்த ஆள், டவுனி ஜூனியர் நடிக்கிறது அவராத்தான். சின்ன அறைக்குள்ள நடக்கிற விசாரணை 1954, அதில ஒப்பன்ஹைமர்ட பாதுகாப்பு அனுமதியைப் பறிக்கினம். பெரிய மண்டபத்தில நடக்கிறது 1959, அதில ஸ்ட்ராஸை மந்திரியாக்கலாமா எண்டு செனட் விசாரிக்குது. இந்த ரெண்டையும் மனசில வச்சுக்கொண்டா மிச்சம் எல்லாம் தானா ஒழுங்குக்கு வரும். 1954 இல எடுத்த அந்த முடிவை அமெரிக்க அரசு ரத்து பண்ணினது 2022 டிசம்பர்ல, மனுசன் செத்தே 55 வருசம் கழிச்சு.

'இப்ப நான் மரணமாகிட்டன், உலகங்களை அழிக்கிறவன்' எண்ட கீதை வரி முதல்ல வாற இடம் எனக்குப் பிடிக்கேல்ல. அவர் பேர்க்லியில சமஸ்கிருதம் படிச்சது உண்மை, கீதையை மூலத்திலயே வாசிச்ச மனுசன். அந்த வரியைப் படுக்கையறைக் காட்சியில கொண்டுபோய் வச்சதால ஒண்டும் கூடேல்ல, குறைஞ்சதுதான். இங்கிலீஷ்ல அதை மரணம் எண்டு சொல்லுறார், மூலத்தில இருக்கிறது காலம் எண்ட சொல். எங்களுக்கு காலம், காலன் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துச் சொல், கோணேசர் கோயில்ல பதிகம் கேட்டு வளந்த பிள்ளைக்கு காலகாலன் எண்டா ஆர் எண்டு தெரியும். எல்லாத்தையும் தின்னுற காலம் எண்ட அந்தப் பொருளோட டெஸ்ட் சீன்ல வாற அதே வரியைக் கேட்டா உடம்பு சிலிர்க்கும், அந்த ஒரு இடத்தோட விட்டிருக்கலாம்.

இனி என்ர மனம் ஆறாத இடம். மூண்டு மணித்தியாலப் படத்தில ஹிரோஷிமா ஒரு ஷொட் கூட இல்ல. ஓகஸ்ட் 6 ரேடியோச் செய்தியா வருது, நாகசாகி அதை விடச் சுருக்கமா வந்து போகுது. 1945 முடியிறதுக்குள்ள ஹிரோஷிமாவில மட்டும் ஏறக்குறைய 140,000 சனம் செத்தது எண்டு சொல்லினம். ஜப்பான்ல இந்தப் படம் மற்ற நாடுகளுக்குப் பிறகு எட்டு மாசம் கழிச்சு 2024 மார்ச்ல தான் தியேட்டருக்கு வந்தது. ஒப்பன்ஹைமர் கண்டதை மட்டும்தான் காட்டுவன் எண்டு நோலன் எடுத்த முடிவு எனக்கு விளங்குது. செத்த ஆக்கள்ட படங்களைத் திரையில ஓட்டிக் காட்டேக்க அவர் தலையைக் குனிஞ்சுகொள்ளுறார், நாங்களும் அந்தப் படங்களைப் பாக்கிறேல்ல, அவர்ட முகத்தைத்தான் பாக்கிறம். அது நேர்மையான முடிவுதான். ஆனா எண்ணிக்கொண்டு முத்தத்தில நிண்ட பக்கத்து ஆக்களுக்கு அந்த முகம் மட்டும் காணாது. சத்தம் போய் விழுந்த இடத்தில ஆர் இருந்தது எண்டதுதான் எங்கட முதல் கேள்வியா இருக்கும். டெஸ்ட் நடந்த இடத்தைச் சுத்தி இருந்த ஊர்ச் சனத்தையும் படம் மறந்திட்டுது. சாம்பல் விழுந்த காணியில மாடு வளத்து, மழைத்தண்ணி பிடிச்சுக் குடிச்ச குடும்பங்கள் அதுகள், நட்டஈட்டுச் சட்டத்துக்குள்ள அவங்களையும் சேத்தது 2025 இல.

அப்பிடி இருந்தும் ஒரு சீன் இந்தக் குறையைப் பாதி அடைக்குது. குண்டு போட்ட செய்தி வந்த பிறகு குண்டு செய்த ஊரான லொஸ் அலமோஸ் மண்டபத்தில சனம் காலால தரையில அடிச்சு ஆரவாரம் பண்ணும், ஒப்பன்ஹைமர் மேடையில ஏறிப் பேசுவார், பேசப் பேச சத்தம் அடைபட்டுப் போகும், முன்னுக்கு நிக்கிற ஒரு பிள்ளையின்ட முகத்தில தோல் உரியும், கீழ பாத்தா அவர்ட கால் கரிஞ்சுபோன ஒரு உடம்புக்குள்ள மிதிபடும். அந்தக் கால் அடிக்கிற சத்தம் படம் முழுக்க இடைக்கிடை வந்துகொண்டிருந்தது, என்ன சத்தம் எண்டு தெரியாம இருந்தம், இங்கதான் அது வெற்றிச் சத்தம் எண்டு தெரியவருது. லுட்விக் கோரன்சன்ட இசையும் எடிட்டிங்கும் ஒஸ்கார் வாங்கினதுக்கு இந்த ஒரு சீனே காணும்.

பாக்கப் போறாக்களுக்கு: சின்னப் பிள்ளைகளோட பாக்காதேங்கோ, உடம்பில உடுப்பு இல்லாத காட்சிகள் இருக்கு. சப்டைட்டில் கட்டாயம் போடுங்கோ, பேச்சு சரியான வேகம், பாதி இடத்தில இசை பேச்சை விழுங்கிடும், இங்கிலீஷ் வடிவாத் தெரிஞ்ச மச்சானே ரெண்டு மூண்டு இடத்தில நிப்பாட்டித் திருப்பிப் போட்டவன். போன்ல பாக்காதேங்கோ, ஏலுமெண்டா நல்ல பொக்ஸ் உள்ள இடத்தில பாருங்கோ. முதல் ஒரு மணித்தியாலம் பேர்கள் மழை மாதிரிக் கொட்டும், எல்லாரையும் ஞாபகம் வைக்கத் தேவையில்ல, ஸ்ட்ராஸையும், குண்டுத் திட்டத்தை நடத்தின ஆமி ஜெனரல் கிரோவ்ஸையும், ஐதரசன் குண்டு செய்வம் எண்டு நிண்ட விஞ்ஞானி டெல்லரையும் பிடிச்சு வச்சாப் போதும். என்ர மார்க் பத்துக்கு எட்டரை.

படம் முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கேக்க பெரியப்பா அப்பப்பாட கதையை எடுத்தார். அப்பப்பா அந்த நாள்ல டொக்யார்ட்ல கூலி வேலை, வெள்ளைக்காரன்ட கப்பலுக்குப் பெட்டி ஏத்துறது. 1942 ஏப்ரல் 9 காலமை ஜப்பான் பிளேன் வந்து திருகோணமலையில குண்டு போட்டது, 1941 டிசம்பர்ல பேர்ள் ஹார்பரை அடிச்ச அதே நாகுமோவின்ட கப்பல் படைதான். சீனன்குடாவில ஒரு பிளேன் எண்ணெய்த் தாங்கிக்கு மேலயே வந்து விழுந்து அது நாள்க்கணக்கா எரிஞ்சது, பகல்ல வானம் கறுத்துக் கிடந்தது எண்டு அப்பப்பா சொல்லுவாராம். சனம் சட்டி பானையோட காட்டுக்குள்ள ஓடினது, கொஞ்ச நாளால வேலைக்குக் கூப்பிட்டாங்கள், அப்பப்பா திரும்பப் போய் பெட்டி ஏத்தினார். மூண்டு வருசத்துக்குப் பிறகு ஜப்பான்ல என்னவோ பெரிய குண்டு போட்டாச்சாம், சண்டை முடிஞ்சிட்டுதாம் எண்டு டொக்யார்ட்ல ஆரோ வந்து சொன்னதோட சரி, அது என்ன குண்டு எண்டு அப்பப்பாவுக்கு கடைசி வரைக்கும் வடிவாத் தெரியாது.

திரும்பவும் ஏதாவது ஒரு இடத்தைப் போடச் சொல்லுறீங்களோ எண்டு மச்சான் கேட்டான், வெடிக்கிற சீனைத்தான் கேப்பார் எண்டு ரிமோட்டைக் கையில எடுத்திட்டான். பெரியப்பா அதைக் கேக்கேல்ல. குண்டுகளைப் பெட்டியில அடைச்சு லொறியில ஏத்திக்கொண்டு போற இடம் ஒண்டு இருக்கு, இனி நாங்கள் பாத்துக்கொள்ளுறம் எண்டு ஒரு ஆமிக்காரன் மரியாதையாச் சொல்லுவான், ஒப்பன்ஹைமர் லொறி போறதைப் பாத்துக்கொண்டு நிப்பார். ஒரு நிமிசம் கூட வராது. அதைப் போடு தம்பி எண்டார். ரெண்டு தரம் போட்டுப் பாத்தார். அப்பாவும் இப்பிடித்தான்டா, பெட்டி எங்க போகுது எண்டு ஒரு நாளும் அவருக்குச் சொல்லேல்ல எண்டு சொல்லிட்டு கோப்பையைக் கீழ வச்சார்.