லேத்தில் கடைந்த பேனா: ஓராண்டு சட்டைப்பையில் இருந்த பிறகு தெரிபவை

லேத்திலிருந்து இறக்கிய அன்று எல்லாப் பேனாவும் அழகுதான். தினமும் எழுதி, கைவியர்வை பட்டு, சாவிக்கொத்தோடு உரசி ஓராண்டு போன பிறகுதான் எந்த வேலை சரியாக நடந்தது என்று தெரியும். இங்கே சொல்வது ஸ்லிம்லைன் கிட்டை (மெல்லிய திருகு பேனாவுக்கான குழாய், முனை, கிளிப் எல்லாம் அடங்கிய தொகுப்பு) வைத்து. அதில் மரத்தைத் துளைத்து உள்ளே ஒட்டும் பித்தளைக் குழாயின் விட்டம் 7 மி.மீ.; முடிந்த பேனாவின் ஓரத்தில் விட்டம் ஏறக்குறைய 8.4 மி.மீ. அதாவது ஓரத்தில் மிஞ்சும் மரம் 0.7 மி.மீ. கனமுள்ள தோல்தான். பின்னால் வரும் கோளாறுகளில் பாதி இந்தத் தோலில்தான் தொடங்குகின்றன.

முதலில் விரிசல். ஈரம் வற்றாத மரம் குழாயைச் சுற்றிச் சுருங்க இடமில்லாமல் நீளவாக்கில் பிளக்கும். கருங்காலி போன்ற அடர்ந்த மரங்களில் உப்புத்தாள் போடும்போது ஏறும் சூடே போதும். விரல் பொறுக்காத சூடு வந்தால் நிறுத்திவிட வேண்டும். குழாயை 150 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, உள்ளே பசை புகாமல் முனையை மெழுகால் அடைத்து, சுழற்றிக்கொண்டே செருகுங்கள். சூப்பர் க்ளூ பாதி வழியில் பிடித்துக்கொண்டு குழாயை நகரவிடாது. இந்த வேலைக்கு எபாக்சிதான் (இரண்டு பாகம் கலந்து, மெல்ல இறுகும் பசை) என் தேர்வு. பசை படாத இடம் அன்று தெரியாது. பேனா ஒருமுறை கீழே விழுந்ததும் அங்கே சில்லு பெயரும்.

துளையிடும்போது பிட் வெளியேறும் பக்கம் மரம் சிதறும். கட்டையை 10 மி.மீ. கூடுதலாக வைத்து, பிட் மறுபக்கம் வருவதற்கு முன்பே நிறுத்தி, மிச்சத்தை ரம்பத்தால் அறுத்துவிட்டால் சிதறல் இல்லை. அக்ரிலிக் என்றால் வேகத்தைக் குறைத்து, அடிக்கடி பிட்டை வெளியே இழுத்துத் துருவலை நீக்குங்கள். இல்லையென்றால் அது உருகிப் பிட்டோடு ஒட்டிக்கொள்ளும். முனையைச் சமன் செய்யும்போது பித்தளை பளிச்சென்று தெரிந்ததும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் சீவினால் குழாய் குட்டையாகி, ரீஃபில் முனை உள்ளே போகாது.

கடைந்த பிறகு ஒரு பக்கம் மட்டமாகவும் எதிர்ப்பக்கம் படியாகவும் இருந்தால் உளியைக் குறை சொல்ல வேண்டாம். மேண்ட்ரல் (கட்டைகளைக் கோத்துச் சுழற்றும் கம்பி) நட்டையோ டெயில் ஸ்டாக்கையோ (லேத்தின் மறுமுனையில் தாங்கும் பாகம்) அதிகம் முறுக்கினால் மெல்லிய கம்பி வில்லாக வளையும். டெயில் ஸ்டாக்கில் கூடவே சுழலும் கூர்முனையான லைவ் சென்டரின் கோணம் 60 பாகையாக இல்லாவிட்டாலும் இதே ஆட்டம் வரும். கம்பியே இல்லாமல், இரு சென்டர்களுக்கு இடையே புஷ்ஷிங்கை (கட்டையின் முனைகளில் வைக்கும் அளவு வளையம்) வைத்துக் கடைவதே நிரந்தரத் தீர்வு. புஷ்ஷிங்கும் தாள்பட்டுத் தேயும்; அதன் அளவை நம்பாமல் உலோகப் பாகத்தை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். வெளிர் மரத்தில் புஷ்ஷிங்கின் கரும்பொடி ஏறினால் போகவே போகாது.

பளபளப்புதான் நீண்டகாலப் பயன்பாட்டின் உண்மையான தேர்வு. ஃப்ரிக்‌ஷன் பாலிஷ் (சுழலும் மரத்தில் தேய்த்து, உரசல் சூட்டில் பளபளப்பு ஏற்றும் பூச்சு) இரண்டு நிமிட வேலை. பிடித்து எழுதும் இடத்தில் சில வாரங்களிலேயே மங்கிவிடும். சூப்பர் க்ளூ பூச்சு ஆண்டுக்கணக்கில் நிற்கும், ஒழுங்காகப் போட்டால். 150 முதல் 600 வரை தாள் போட்டு, ஒவ்வொரு தாளுக்குப் பின்னும் லேத்தை நிறுத்தி நீளவாக்கில் தேய்த்து வட்டக்கீறலை எடுத்துவிடுங்கள். பிறகு மெல்லிய பூச்சாக 8 முதல் 10 வரை, பேப்பர் டவலால். பருத்தித் துணி கூடவே கூடாது. க்ளூவோடு சேர்ந்து கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும். பூச்சு காய்ந்ததும் 1500 முதல் 12000 வரை மைக்ரோமெஷை (மிக நுண்ணிய தேய்ப்புத் தாள்) நனைத்துத் தேய்க்கலாம். ஆனால் அதற்கு முன் வெறும் மரமாகத் தெரியும் இரு முனைகளிலும் மெல்லிய க்ளூ தடவிவிட வேண்டும். தடவாத பேனாவில் ஈரம் அந்த வழியாகப் புகும். ஓரம் வெள்ளையாகிப் பூச்சு உரியத் தொடங்கும். ஓராண்டில் கெடும் நல்ல பேனாக்கள் பெரும்பாலும் இங்கேதான் கெடுகின்றன.

ரீஃபில்லை வெளியே தள்ளும் திருகு பாகத்தைக் குழாய்க்குள் அழுத்தும்போது அதிலுள்ள குறிக்கு 2 மி.மீ. முன்பே நிறுத்தி, ரீஃபில்லைப் போட்டுப் பார்த்து, மெல்ல மெல்ல உள்ளே தள்ளுங்கள். அதிகம் போய்விட்டால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. முலாமில் தங்கம் முதலில் தேயும், முனையிலும் கிளிப்பிலும். தினமும் எழுதும் பேனாவுக்குக் குரோமோ டைட்டானியம் நைட்ரைடோ வாங்குங்கள்.