பின்னங்கால் தடுமாறும் பெட்டைக்குதிரை: தானே சுமப்பதா, வாடகைத்தாயா?

போலோ ஆடிய பெட்டைக்கு நடையில் பின்னங்கால் பின்ன ஆரம்பித்தால், கோலாலம்பூர் லாயங்களில் அடுத்து வரும் பேச்சு "ஒரு குட்டியாவது எடுத்துடலாமே" என்பதுதான். வழி மூன்று. பொலிக்குதிரையோடு நேரே சேர்க்கலாம். சினை ஊசி போட்டு அதையே சுமக்க விடலாம். அல்லது ஏழெட்டாம் நாளில் கருவை எடுத்து வேறொரு பெட்டையின் வயிற்றில் வைக்கலாம், இதுதான் கருமாற்றம். எங்கள் தேர்வு கடைசி வழி. செலவு கூடுதல்தான், ஆனாலும் அதுதான்.

நேரடிச் சேர்க்கையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தன் கால் எங்கே இருக்கிறது என்றே சரியாக உணராத பெட்டையின் முதுகில் 500 கிலோ பொலிக்குதிரை ஏறினால் இரண்டும் சேர்ந்து விழும். தரோபிரெட் எனும் பந்தயக் குதிரை இனத்தின் வம்சப் பதிவேடு நேரடிச் சேர்க்கையில் பிறந்த குட்டியை மட்டுமே ஏற்கும். சினை ஊசிக்கும் கருமாற்றத்துக்கும் அங்கே இடமில்லை. ஆகவே பந்தயக் குட்டிதான் வேண்டும் என்பவர்கள் இப்படிப்பட்ட பெட்டையை மறந்துவிடலாம். போலோவுக்கும் சவாரிக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

மற்ற இரண்டில் ஒன்றைப் பிடிக்கும் முன், தடுமாற்றம் எதனால் என்று தெரிய வேண்டும். கழுத்தெலும்பு நெருக்கித் தண்டுவடத்தை அழுத்தும் வாப்ளர் கோளாறு என்றால் மற்ற குதிரைக்குத் தொற்றாது. அதில் பரம்பரையின் பங்கு எவ்வளவு என்பதில் இன்னும் வாதம் உண்டு. வைட்டமின் ஈ குறைவோடு சேர்ந்து இளம் வயதிலேயே வரும் நரம்புச் சிதைவு வேறு கதை, அது சில வம்சங்களில் திரும்பத் திரும்ப வரும். அந்தச் சந்தேகம் இருந்தால் குட்டி எடுக்கும் யோசனையையே விடுங்கள். கருமாற்றம் சுமையைத்தான் மாற்றும், வம்சத்தை மாற்றாது.

ஹெர்பிஸ் வைரஸ் நரம்பையும் தாக்கும், பிந்திய மாதச் சினையையும் கலைக்கும். அது கண்ட லாயத்தில் மூன்று நான்கு வாரமாவது தனிமைப்படுத்தாமல், நோய் வந்த பெட்டையை வாடகைத்தாய்கள் நிற்கும் பக்கமே கொண்டுபோகக் கூடாது. சினைப் பெட்டைக்கு 5, 7, 9-ஆம் மாதங்களில் போடும் தடுப்பூசி கருச்சிதைவுக்கானது. நரம்பு வடிவத்தைத் தடுக்கும் என்று அதை நம்பியிருக்க முடியாது. நம் நாட்டில் சர்ராவையும் மறக்கக் கூடாது. மாட்டு ஈ பரப்பும் இந்த ஒட்டுண்ணி நோயில் காய்ச்சல், இரத்தச்சோகை, பின்பக்கத் தளர்ச்சி, சிலவற்றில் கருச்சிதைவு என எல்லாம் கலந்து வரும். இரத்தப் பரிசோதனை செய்யாமல் "வாப்ளர்தான்" என்று முடிவு கட்டுவது அவசரம்.

அர்ஜென்டினாவிலிருந்து வந்த பெட்டைகளுக்கு இன்னொன்று. அங்கிருந்தே இ.பி.எம். எனும் நரம்பு நோயைத் தரும் ஒட்டுண்ணியைச் சுமந்து வந்திருக்கலாம். அது குதிரைக்குக் குதிரை பரவாது. ஆனால் அதற்குக் கொடுக்கும் பைரிமெத்தமின்-சல்பா மருந்தை, கூடவே ஃபோலிக் அமிலத்தையும், சினைக்காலத்தில் கொடுத்தால் குட்டி குறையோடு பிறந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. மருந்து முடிந்த பிறகு சினைக்கு விடுவதே நல்லது.

நோய் நேரடியாகச் சினைப்பிடிப்பைக் கெடுக்கும் இடம் வால் பக்கம். வாலடி நரம்புகள் செயலிழந்தால் பிறப்புறுப்பு உதடுகள் இறுக்கம் இழக்கும். காற்று உள்ளே போகும், சிறுநீர் முன்பக்கம் தேங்கும். தேங்கிய சிறுநீர் விந்தணுவைக் கொல்லும், கருப்பை உட்சுவரையும் புண்ணாக்கும். வால் தொய்ந்திருக்கிறதா, சிறுநீர் சொட்டுகிறதா என்று குதிரையைப் பராமரிக்கும் சைஸ் தினமும் பார்த்தாலே போதும். இந்தக் கோளாறு முற்றியிருந்தால் சினை ஊசி, கருமாற்றம் இரண்டுமே சறுக்கும். கரு வந்து தங்க வேண்டிய இடமே கெட்டிருக்கிறது.

வால் பக்கம் சரியாக இருந்தால் சினை பிடிக்க வைப்பதில் பெரிய சிரமம் இல்லை. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு மூன்று டிகிரி வடக்கே இருப்பதால் பகல் நீளம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒன்றே. குளிர்நாடுகளில்போல லாயத்தில் விளக்குப் போட்டுப் பருவத்தை வரவழைக்கத் தேவையில்லை. முட்டை வளரும் நீர்ப்பை (ஃபாலிக்கிள்) 35 மில்லிமீட்டர் தாண்டியதும் எச்.சி.ஜி. ஹார்மோன் ஊசி, அடுத்த 36 முதல் 48 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். உறைவிந்து என்றால் அந்த நேரத்தை ஆறு மணி நேரத்துக்கு ஒரு ஸ்கேன் வைத்துப் பிடிக்க வேண்டும். குளிரூட்டிய விந்துக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. இதுவரை இரண்டு வழிக்கும் ஒரே பாதை.

பிரிவது கடைசி மூன்று மாதத்தில். குட்டியின் எடையில் பாதிக்கு மேல் அப்போதுதான் ஏறுகிறது. 500 கிலோ பெட்டையின் குட்டி பிறக்கையில் 45 முதல் 50 கிலோ. நீர், நஞ்சுக்கொடி, மற்றதெல்லாம் சேர்த்தால் தாயின் எடை 60, 70 கிலோ கூடியிருக்கும். அந்தச் சுமை முழுக்க தொங்குவது, ஏற்கெனவே தடுமாறும் பின்பாதிக்கு முன்னால். படுத்தால் எழ முடியாது, எழுந்தால் சறுக்கும். ஈரமான சிமெண்டுத் தரை என்றால் கேட்கவே வேண்டாம். அதிகநேரம் படுத்தே கிடந்தால் தொடைத் தசை நசுங்கும், படுக்கைப் புண் வரும், குடல் அசைவு மந்தமாகி வயிற்றுவலி வரும்.

ஈனும் நேரம் அதைவிட மோசம். வலி தொடங்கியதும் பெட்டை பலமுறை படுத்து எழும். குட்டி சரியான வாக்கில் திரும்ப அது உதவும். இந்தப் பெட்டையால் அது முடியாது. தண்ணீர்க்குடம் உடைந்தபின் குட்டி வெளியே வர இருபது முப்பது நிமிடம்தான் இருக்கிறது. அதற்குள் ஏதேனும் சிக்கினால் உதவி வந்து சேரும் நேரமே போய்விடும். குட்டி ஒரு மணி நேரத்துக்குள் நின்று, இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். தாய் நிற்க முடியாவிட்டால் சீம்பாலைக் கறந்து ஊட்ட வேண்டும், தாய் குட்டியின் மேலேயே விழாமல் ஆளும் நிற்க வேண்டும்.

கருமாற்றம் இந்த முழுக் கட்டத்தையும் பெட்டையின் உடம்பிலிருந்து கழற்றிவிடுகிறது. முட்டை வெளிவந்த ஏழாம் அல்லது எட்டாம் நாள் கருப்பைக்குள் குழாய் விட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டருக்குமேல் கழுவுநீர் செலுத்தி, மூன்று நான்கு தடவை வடித்து, 75 மைக்ரான் வடிகட்டியில் தேட வேண்டும். வாடகைத்தாயின் முட்டை பெட்டையுடையதற்கு ஒரு நாள் முன்பிருந்து மூன்று நாள் பின்பு வரையான இடைவெளிக்குள் வெளிவந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு வாடகைத்தாய்களைத் தயாராக வையுங்கள்.

பெரும்பாலும் கோட்டை விடும் இடம் மயக்க ஊசி. குதிரையை அசையாமல் நிறுத்தும் ஸ்டாக்ஸ் சட்டத்தில் நிறுத்தி டெட்டோமிடினோ சைலசினோ வழக்கமான அளவில் போட்டால், தடுமாறும் பெட்டை அப்படியே சரிந்து சட்டத்தில் தொங்கும். மருத்துவரின் கை மலக்குடலுக்குள் இருக்கும்போது அது நடந்தால் குடல் கிழியலாம். குறைந்த அளவில் தொடங்குங்கள். தரையில் ரப்பர் விரிப்பு, பின்கதவும் பக்கக்கதவும் சட்டென்று திறக்கும்படி வைப்பது அவசியம். எடை தாங்காத அளவுக்குத் தளர்ந்த பெட்டைக்கு இந்த அரைமணி நேரமே அதிகம். அதை விட்டுவிடுவதே நியாயம்.

ஒவ்வொரு கழுவலிலும் கரு கிடைக்காது. நல்ல கருவுறுதல் உள்ள பெட்டையிலேயே பாதிக்குப் பாதிதான். வாடகைத்தாயின் பதினோரு மாதச் சினை, அதன்பின் பால்மறக்கும்வரை ஐந்தாறு மாதம், இவ்வளவு காலத்துக்கும் தீவனச் செலவும் லாய வாடகையும் உங்கள் தலையில்.

தானே சுமக்க விடவும் இடம் உண்டு. தடுமாற்ற அளவுகோலில் 0 (இயல்பு) முதல் 5 (எழ முடியாத நிலை) வரை பார்க்கும்போது 1-ஆம் தரம், ஆறு மாதமாக மாறாத நிலை, மேட்டுத்தரையில் மணல் கொட்டிய பெரிய அறை, இரவு முழுக்க ஆள், இவை எல்லாம் இருந்தால் சினை ஊசியே மலிவு, எளிது. இரண்டாம் தரத்தில் எங்கள் கணிப்பு பெட்டைக்குப் பெட்டை மாறுகிறது. மூன்றாம் தரமோ அதற்கு மேலோ என்றால் சுமக்க விடாதீர்கள்.

மூன்று சுற்றுக் கழுவியும் கரு வராவிட்டால் நான்காவதற்கு முன் கருப்பைச் சுவரில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். தழும்பு மிகுந்திருந்தால் நான்காவது சுற்றுக்கும் அதற்கு வாங்கும் விந்துக்கும் போகும் காசு மிச்சம்.