பனிக்காலப் பயணத்துக்கு டேங்க் தண்ணீரா, கேன் தண்ணீரா?

தண்ணீர் உறையும் குளிரில் மோட்டார்ஹோமை (படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு வீடுபோலத் தங்கும் வண்டி) எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. டேங்க், குழாய், பாய்லர் என எல்லாவற்றிலும் தண்ணீரை நிரப்பி, அது உறையாதபடி சூடு கொடுத்துக்கொண்டே பயணிப்பது ஒன்று. கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் வடித்துவிட்டு, குடிக்க, சமைக்க, கழுவ என்று கேனில் தண்ணீர் எடுத்துப் போவது இன்னொன்று. சில குளிர்காலங்கள் முதல் வழியில் ஓட்டிவிட்டு இப்போது இரண்டாவதுக்கு மாறியிருக்கிறேன். மறுபடி மாறும் எண்ணம் இல்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வசதி என்று பார்த்தால் டேங்க் தண்ணீர்தான் மேல். குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும், ஷவரில் குளிக்கலாம், பாத்திரம் கழுவ யோசிக்க வேண்டாம். 20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோ, அதைப் பனியில் தூக்கி நடக்க யாருக்கும் ஆசை இருக்காது. இதிலெல்லாம் வாதமே இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம். டேங்க் தண்ணீரோடு போனால் சூடு ஒரு வேளைகூட அறுபடக் கூடாது. இரவில் மட்டுமல்ல, நாம் வெளியே நடக்கப் போயிருக்கும்போதும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதும் அது இருந்தாக வேண்டும்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். இன்றைய பிளாஸ்டிக் குழாய்கள் கொஞ்சம் விரிந்து கொடுக்கும், அதனால் குழாய் பெரும்பாலும் தப்பிவிடும். அடிவாங்குவது குழாய்களை இணைக்கும் ஃபிட்டிங்குகள், பம்பின் தலைப்பகுதி, குழாய்த் தலைக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ், கழிப்பறையின் வால்வு ஆகியவை. விரிசல் விழுந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது, பனிக்கட்டியே அடைப்பாக நின்றுவிடும். இளகிய பிறகுதான் அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் ஒழுக ஆரம்பிக்கும். கண்ணுக்குத் தெரிவதற்குள் பலகை ஊறிப் போயிருக்கும். ஒரே ஒரு இரவு சூடு நின்றதற்கு இத்தனை பாடு என்றால், அந்தச் சூட்டை எது தாங்கிப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

கேஸ் கணக்கை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 30,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) திறனுள்ள, காற்றை ஊதும் ஹீட்டர் ஒன்று நிற்காமல் எரிந்தால் 9 கிலோ புரொப்பேன் சிலிண்டர் சுமார் 14 மணி நேரம் தாங்கும். பாதி நேரம்தான் எரிகிறது என்று வைத்தாலும் ஒரு நாளைக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும், அவ்வளவுதான். சிலிண்டரில் இருப்பது பியூட்டேன் என்றால் அந்தக் கணக்குக்கே இடமில்லை. பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே அது வாயுவாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை வாயுவாகும். ஆகவே கலவை சிலிண்டர் கிடைக்கும் ஊர்களில், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குவது அவசியம்.

பேட்டரி அதைவிட இறுக்கம். அந்த ஹீட்டரின் விசிறி 7, 8 ஆம்பியர் இழுக்கும். 12 மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினால் 45 ஆம்பியர்-மணி போய்விடும். 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் கெடாமல் எடுக்கக்கூடியதே பாதிதான், குளிரில் அதுவும் குறையும். டேங்குக்கு அடியில் ஒட்டும் 12 வோல்ட் சூட்டுத் தகடுகளையும் சேர்த்தால் விடியும் முன்பே கணக்கு உதைக்கும். பகலில் சோலார் ஏற்றிவிடும் என்று நம்பவும் முடியாது. பலகை மேல் பனி கிடக்கும், போதாக்குறைக்கு லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. டீசல் ஹீட்டர் சிலிண்டர் கவலையைத் தீர்க்கும், விசிறிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தீர்க்காது.

அடுத்து ஓட்டும் நேரம். பலரும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. முன்பக்க ஹீட்டரின் சூடு ஓட்டுநர் இருக்கையைத் தாண்டிப் பின்னால் அதிகம் போவதில்லை. மோதல் உணரி வைத்த ரெகுலேட்டர் (வண்டி மோதினால் கேஸைத் தானே நிறுத்துவது) இல்லாத வண்டிகளில் கேஸை மூடிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். வண்டிக்கு அடியில் தொங்கும் குழாயையும் வால்வையும் காற்று வெளிக்குளிருக்குக் கீழே கொண்டுபோகாது, ஆனால் அந்தக் குளிரைத் தொடும் நேரத்தை வெகுவாகக் குறைத்துவிடும். இரவு முழுக்க உறையாமல் காப்பாற்றிய தண்ணீர், காலையில் நான்கு மணி நேரம் ஓட்டினால் உறைந்துவிடலாம்.

இன்னொன்று, தெர்மோஸ்டாட் அறையின் காற்றைத்தான் அளக்கும். வெளிச்சுவரை ஒட்டி, சாத்திய அலமாரிக்குள் ஓடும் குழாயை அல்ல. அறை 18 டிகிரி காட்டும்போதே அந்த மூலை உறைநிலையைத் தொடலாம். அலமாரிக் கதவுகளைத் திறந்து வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் எந்த மூலையில் குழாய் ஓடுகிறது என்று வண்டியைப் பிரித்துப் பார்த்தவருக்கே தெரியும். ட்ரூமா நிறுவனத்தின் பாய்லர் உள்ள வண்டிகளில் ஃப்ராஸ்ட்கன்ட்ரோல் என்ற வால்வு சுமார் 3 டிகிரியில் தானே திறந்து பாய்லரைக் காலி செய்யும், 7 டிகிரிக்கு மேல் போனால்தான் திரும்ப மூட முடியும். பாய்லருக்கு அது நல்ல காவல். குழாய்களையும் பம்பையும் அது காப்பாற்றாது.

சரி, எல்லா வண்டிக்கும் இது பொருந்துமா என்றால், இல்லை. இரட்டைத் தரை போட்டு, டேங்கையும் குழாயையும் அதற்குள் வைத்து, சூடான காற்றை அங்கேயும் செலுத்தும் வண்டிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றில் மிகக் கொஞ்ச நாள்தான் தங்கியிருக்கிறேன், அதுவும் மின் இணைப்பு இருந்த இடத்தில். அங்கே எந்தச் சிக்கலும் வரவில்லை. மைனஸ் 15-க்குக் கீழே நாள்கணக்கில் தங்கிய அனுபவமும் எனக்குக் குறைவு, ஆகவே அந்தக் குளிருக்கு என் பேச்சை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். மின் இணைப்புள்ள ஒரே இடத்தில் வாரம் முழுக்க நிற்கப் போகிறவர், சின்னக் குழந்தைகளோடு போகிறவர், இவர்களுக்கு டேங்க் தண்ணீர்தான் சரி. இடம் மாறி மாறி, மின்சாரம் இல்லாத இடங்களில் இரவு தங்குகிறவர்களுக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

வடிப்பதென்றால் டேங்க் வால்வைத் திறந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பாய்லரை அணைத்து ஆறவிட்டு, அழுத்தத்தை இறக்கிய பின்தான் அதன் வடிகாலைத் திறக்க வேண்டும். குளிர்நீர், வெந்நீர் இரண்டின் தாழ்நிலை வடிகால்களையும் (குழாய்களின் மிகத் தாழ்ந்த இடத்தில் இருப்பவை) திறக்க வேண்டும். ஒற்றைக் கைப்பிடிக் குழாய் என்றால் கைப்பிடியை இரண்டு பக்கமும் திருப்பி வடித்துவிட்டு நடுவில் நிறுத்த வேண்டும், ஒரு பக்கம் மட்டும் திறந்தால் மறுபக்கத் தண்ணீர் அப்படியே நிற்கும். ஷவர் தலையைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தரையில் போட வேண்டும். கழிப்பறை ஃப்ளஷ்ஷைத் தண்ணீர் நிற்கும்வரை அழுத்த வேண்டும். வெளிப்பக்க ஷவர் இருந்தால் அதையும் மறக்கக் கூடாது.

எல்லாம் முடிந்த பிறகும் பம்புக்கு முன்னால் இருக்கும் சின்னச் சல்லடைக் கிண்ணத்தில் தண்ணீர் தங்கியிருக்கும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் என்பதால் கைவிளக்கு அடித்தால் தெரியும். கையாலேயே கழற்றலாம், உள்ளே இரண்டு மூன்று கரண்டி தண்ணீர் இருக்கும். கிண்ணத்தின் கழுத்தில் விரிசல் விழ அதுவே போதும். துடைத்துவிட்டுத் தளர்வாக மாட்டி வைப்பது என் வழக்கம்.

கேன் வழிக்குள்ளேயே ஒரு கிளைக் கேள்வி உண்டு: குழாய்களைக் காற்றடித்துக் காலியாக விடுவதா, ஆன்டிஃப்ரீஸ் என்ற உறைதடுப்புத் திரவத்தை நிரப்புவதா? நான் காற்றின் பக்கம். சிறிய கம்ப்ரெசரில் 2 பார் அழுத்தம் வைத்தால் போதும், அதற்கும் குறைவாகக் கேட்கும் வண்டிகள் உண்டு என்பதால் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழாயாகத் திறந்து, தண்ணீர் சிதறல் நின்று வெறும் காற்று வரும்வரை ஊத வேண்டும். இளஞ்சிவப்பு நிற ஆன்டிஃப்ரீஸைச் சிங்க் மற்றும் ஷவருக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் குழாய் வளைவுகளில் மட்டும் கொஞ்சம் ஊற்றுகிறேன். அது புரொப்பிலீன் கிளைகால் கலந்தது. கார் ரேடியேட்டருக்கான எத்திலீன் கிளைகால் நஞ்சு, வண்டியின் தண்ணீர்க் குழாய் பக்கமே வரக் கூடாது. புட்டியில் போட்டிருக்கும் மைனஸ் 45 என்பது குழாய் வெடிக்காமல் இருப்பதற்கான அளவு. அதற்கு வெகு முன்பே திரவம் கூழாகிவிடும். வசந்தம்வரை வண்டியை நிறுத்தி வைப்பவருக்கு முழுவதும் ஆன்டிஃப்ரீஸ் நிரப்புவது பத்திரம். பயணத்தில் இருப்பவருக்கு அதை அலசி வெளியேற்றவே ஒரு டேங்க் தண்ணீர் வீணாகும்.

கேனோடு வாழ்வது நினைத்ததைவிட எளிது. இருபதுக்குப் பதில் 10 லிட்டர் கேன்களாக எடுத்துக்கொண்டால் தூக்கவும் வசதி, ஒன்று உறைந்தாலும் மற்றது கைகொடுக்கும். முழுக்க நிரப்பாமல் மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும். இரவில் அவற்றைத் தரையில் வைக்காமல் உயரத்தில், ஹீட்டர் காற்று படும் இடத்தில் வைக்க வேண்டும். சிங்க்குக்கு அடியில் ஒரு வாளி. கழுவிய தண்ணீர் அதில் விழுந்தால் கழிவுநீர் டேங்கும் அதன் வால்வும் உறையும் பிரச்சினையே இல்லை. உண்மையில் உறைந்து இறுகிய கழிவு வால்வைவிடத் தொல்லை தரும் பாகம் வண்டியில் வேறு இல்லை.

காற்றடித்து வைத்ததன் பெரிய பயன், வழியில் குளிர் விட்டால் தெரியும். இரவிலும் 5 டிகிரிக்கு மேல் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டால் சல்லடைக் கிண்ணத்தை இறுக்கி, வடிகால்களை மூடி, டேங்கை நிரப்பி அன்றைக்கே குளிக்கலாம். முதலில் குளிர்ந்த பக்கத்தையும் பிறகு வெந்நீர்ப் பக்கத்தையும் திறந்து காற்றைப் போக்க வேண்டும். வெந்நீர்க் குழாயில் தெறிப்பு நின்று தண்ணீர் சீராக வந்த பிறகே பாய்லரை ஏற்ற வேண்டும்.